ஜிம்மியை நான் எடுத்த படம்

சனிக்கிழமைகளில் காலை ஒன்பதரை மணிக்கு நான் ஒரு ரப்பர் வாத்தைப் பல்லில் கவ்விக்கொண்டு தரையில் குப்புறப் படுத்திருப்பேன். எனக்கு வயது ஐம்பத்தொன்று. எதிரே மூன்றடி தூரத்தில் ஒரு நாய் உட்கார்ந்திருக்கும். வாத்தைக் கடித்தால் கீச்சென்று சத்தம் வரும். நாய் காதை நிமிர்த்தித் தலையை ஒரு பக்கம் சாய்க்கும். அந்த அரை நொடியில் படத்தை எடுத்துவிட வேண்டும். இரண்டாவது முறை கடித்தால் பாதி நாய்கள் ஏமாறுவதில்லை. ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டிலிருந்து ரயிலில் நாற்பது நிமிடம் தள்ளி, நான் வாழும் சிறு நகரத்தில் ஒரு காப்பகம் இருக்கிறது. வீடில்லாத நாய்களை வைத்திருந்து, தகுந்த குடும்பம் பார்த்துத் தத்துக் கொடுப்பார்கள். டியர்ஹைம் என்று பெயர். அங்கே நான் சம்பளமில்லாத புகைப்படக்காரன். மகள் படிக்க வெளியூர் போனபின் சனிக்கிழமைகள் காலியாகிவிட்டன. என்னிடம் ஒரு நல்ல காமிராவும் இருந்தது. போய்க் கேட்டேன், சேர்த்துக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

நாய் சிரிப்பதுபோல் தெரிந்தால்தான் வீடு கிடைக்கும் என்பது காப்பகத்தின் அனுபவம். ஆகவே கழுத்தில் ஒரு வண்ணக் கைக்குட்டை, பின்னால் வெளிர்நீலத் திரை, கண்ணில் ஒரு துளி வெளிச்சம். நாய் சிரிக்காது என்று எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். இதில் எனக்குப் புதிதாக ஒன்றுமில்லை. என் சொந்த ஊரான செஞ்சியில் பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த ஸ்டூடியோவில் கல்லூரி விடுமுறைகளில் நான் உதவிக்குப் போவேன். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப வேண்டிய படத்துக்காக அனந்தபுரம் பக்கத்திலிருந்தெல்லாம் பெண்களை அழைத்து வருவார்கள். முகத்துக்குப் பவுடர், தலைக்கு ஸ்டூடியோவின் சொந்தப் பிளாஸ்டிக் ரோஜா, முகத்தை முக்கால் பங்கு திருப்பு, தாடையை இறக்கு. பெண்ணின் அப்பா பின்னால் நின்றுகொண்டு, “கொஞ்சம் சிரிம்மா, அழுவுற மாரி இருக்குது” என்பார். அவள் அழுதுகொண்டுதான் இருந்திருப்பாள். படம் நன்றாக வந்தால் அவள் தெரியாத ஊருக்குப் போவாள். நன்றாக எடுத்துக் கொடுத்தோம் என்ற திருப்தியோடு நான் வீட்டுக்குப் போவேன்.

நான் ஒழுங்கான ஆள். தொழிற்சாலையில் என் வேலை உலோகப் பாகங்களை அளந்து பார்ப்பது. மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு பிசகினாலும் சிவப்புக் கூடையில் போட்டுவிடுவேன். வந்த நாளிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். காப்பகத்துக்கென்று தனி நோட்டு: கூண்டு எண், பெயர், வயது, படம் எடுத்த நேரம், எத்தனையாவது முயற்சியில் சரியாக வந்தது. கீழே எழுதுவது எல்லாம் அந்த நோட்டில் இருப்பது. கோபத்தில் எதையும் கூட்டிச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக இதை முதலிலேயே சொல்கிறேன். கோபம் இருக்கிறது.

செஞ்சி நாய்களுக்குச் சொர்க்கம் என்று சொல்ல நான் வரவில்லை. டீக்கடைக்காரர் வெந்நீரை வீசி முதுகு வெந்துபோன நாயைப் பார்த்திருக்கிறேன். திருவண்ணாமலை ரோட்டில் பஸ்ஸில் அடிபட்டுக் கிடந்ததை இரண்டு நாள் யாரும் எடுத்துப் போடாததையும் பார்த்திருக்கிறேன். பள்ளி நாட்களில் நானே கல்லெறிந்திருக்கிறேன். என் குறி தப்பாது. ஜெர்மனியில் நாய்க்கு வரி உண்டு, காப்பீடு உண்டு, தோலுக்கடியில் எண் பதித்த சில்லு உண்டு, ரயிலில் டிக்கெட்கூட உண்டு. ஒரு நாய் காகிதத்தில் ஓர் ஆளுக்குச் சொந்தம். செஞ்சியில் அந்தக் காகிதம் இல்லை. ஆனால் எந்த நாய் எந்தத் தெருவுடையது, யார் வீட்டு வாசலுக்கு எத்தனை மணிக்கு வரும், யார் கூப்பிட்டால் மட்டும் திரும்பிப் பார்க்கும் என்பது அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். இரண்டு ஊரிலும் நான் வாழ்ந்தாகிவிட்டது. இரண்டிலும் நாய்க்கு ஆள் உண்டு. ஓர் ஊரில் அதை எழுதிவைக்கிறார்கள், இன்னோர் ஊரில் எழுதிவைப்பதில்லை. எழுதிவைக்காததெல்லாம் இல்லாதது என்று முடிவுசெய்யும் உரிமையை இவர்களுக்கு யார் கொடுத்தார்கள்?

ஓர் அக்டோபர் சனிக்கிழமை. கூண்டு எண் பதினான்கு. செம்மண் நிறப் பெட்டை, வால்நுனி மட்டும் வெள்ளை, வயது சுமார் நான்கு. காப்பகம் வைத்த பெயர்: சட்னி. வெளிநாடுகளில் தெருநாய்களை மீட்டு விமானத்தில் கொண்டுவரும் குழுக்கள் இங்கே பல இருக்கின்றன. ருமேனியாவிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் வந்த நாய்களை நிறையப் படம் எடுத்திருக்கிறேன். இந்தியாவிலிருந்து வந்தது இதுதான் முதல். காப்பகத்தின் மேலாளர் ஃபிராவ் ப்ராண்ட், அதாவது திருமதி ப்ராண்ட், “உங்கள் நாட்டுக்காரி” என்று சிரித்தபடி கோப்பை என்னிடம் நீட்டினார். கண்டெடுத்த இடம் என்ற கட்டத்தில், செஞ்சிக் கோட்டை வாசல், தமிழ்நாடு என்று இருந்தது. நான் அந்த வரியை நான்கு முறை படித்தேன். அடுத்த கட்டத்தில் ஹெரன்லோஸ், அதாவது உடையவர் யாரும் இல்லாதது. அதற்கடுத்து, கழுத்தில் கயிறு கட்டித் துன்புறுத்தப்பட்டிருக்கிறது என்ற குறிப்பு. ஆதாரத்துக்கு ஒரு படம். நாயின் கழுத்தில் கறுப்புக் கயிறு, அதில் சுண்டுவிரல் நகமளவு ஒரு செப்புத் தாயத்து.

மேல்மலையனூர் கோயிலுக்கு அமாவாசையன்று போய்வருகிறவர்கள் வாங்கிவந்து கட்டுகிற கயிறு அது. எங்கள் பக்கத்தில் பிறந்த எவனுக்கும் ஒரு பார்வையில் தெரியும்.

“இது துன்புறுத்தல் இல்லை” என்றேன். “கண் படக் கூடாது என்று கட்டுவது. பிரியமாக வைத்திருப்பவர்கள்தான் கட்டுவார்கள். எங்கள் ஊரில் குழந்தைகளுக்கும் கட்டுவோம்.”

“குழந்தைகளுக்குமா?” என்றார் ஃபிராவ் ப்ராண்ட். அவர் முகம் மாறிவிட்டது. “இதைப் பற்றி அங்கே யாரும் புகார் கொடுப்பதில்லையா?”

நான் விளக்க ஆரம்பித்தேன். அவர் மிகுந்த பரிவோடு என் தோளைத் தொட்டார். நானும் அந்தக் கயிற்றிலிருந்து தப்பி வந்தவன் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. அந்த இடத்திலேயே நான் காமிராவைக் கீழே வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. பதினொரு மணிக்கு அடுத்த நாய் காத்திருந்தது. வேலையை நேரத்துக்கு முடிக்கிறவன் என்று எனக்கு அங்கே ஒரு பெயர் உண்டு.

வாத்துக்கு அது அசையவில்லை. பிஸ்கட்டை மோந்துகூடப் பார்க்கவில்லை. ஆரஞ்சுக் கைக்குட்டையோடு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. பதினொரு முயற்சிகள் வீண். பன்னிரண்டாவது முறை, வாத்தைத் துப்பிவிட்டு, யோசிக்காமல், “ஏய், இன்னா பயம்? இங்க பாரு. வா வா” என்றேன். அது சட்டென்று எழுந்து நின்றது. காது இரண்டும் நிமிர்ந்தன, வாய் திறந்தது, வால் ஆடியது. என்னைப் பார்க்கவில்லை, என் முதுகுக்குப் பின்னால் யாரையோ தேடியது. அந்தக் கண்ணைத்தான் எடுத்தேன். என் வாழ்நாளில் அதைவிட நல்ல படம் எடுத்ததில்லை. நோட்டில் இருக்கிறது: முயற்சி 12, நேரம் 10.41, மிக நன்று.

அன்று மாலையே காப்பகத்தின் இணையப் பக்கத்தில் இரண்டு படங்களை ஒட்டிப் போட்டார்கள். இடப்பக்கம் கறுப்புக் கயிறு, மேலே ‘முன்பு’. வலப்பக்கம் என் படம், மேலே ‘இன்று’. கீழே, சட்னிக்கு இதுவரை யாருமே இருந்ததில்லை, முதல் குடும்பத்துக்காகக் காத்திருக்கிறாள் என்று ஒரு வாசகம். அதற்கும் கீழே சிறிய எழுத்தில், அணில்களைக் கண்டால் கட்டுக்கடங்காமல் பாய்கிறது, பயிற்சி தேவை என்று ஓர் எச்சரிக்கை.

என் தங்கை வசந்தா சிங்கவரத்தில் பள்ளி ஆசிரியை. சிங்கவரம் செஞ்சியை ஒட்டிய கிராமம். கோட்டைப் பக்கம் பிழைக்கிறவர்கள் பலர் அந்த ஊர்தான். படத்தை அவளுக்கு அனுப்பி, இந்த நாயைத் தெரியுமா, விசாரி என்று எழுதினேன். மறுநாளே குரல் பதிவு வந்தது. மூச்சு வாங்கப் பேசியிருந்தாள்.

“ண்ணா, இது நம்ம செல்வியோட ஜிம்மிண்ணா! கோட்டையாண்ட வெள்ளரிப் பிஞ்சு விக்குதே, அந்த செல்வி. அது பொண்ணு என் கிளாஸ்லதான் படிச்சிது. கோடையில இருந்து தேடினு இருக்குதுண்ணா அது. செத்துப்போச்சின்னு எல்லாரும் சொன்னாங்க, அது மட்டும் ஒத்துக்கல. ஜெர்மனிக்கு எப்படிண்ணா வந்துச்சி? அதுவும் உன்கிட்டயே எப்படி வந்துச்சி?”

அடுத்த இரண்டு நாட்களில் வசந்தா விசாரித்துச் சொன்னது இது. செல்வி தினமும் காலையில் வெள்ளரிப் பிஞ்சும் கொய்யாவும் கூடையில் வைத்துக்கொண்டு சிங்கவரத்திலிருந்து கோட்டையின் ராஜகிரி மலை அடிவாரத்துக்கு நடந்து வருவாள். ஜிம்மியும் கூட வரும். கோட்டைக்குப் போனவர்களுக்கு அந்தக் குரங்குகளைத் தெரிந்திருக்கும். ஒரு நிமிடம் திரும்பினால் கூடை காலி. ஜிம்மி கூடைக்குப் பக்கத்தில் படுத்திருக்கும் வரையில் ஒரு குரங்கும் இறங்காது. மாலையில் வாசலை மூடியதும் இருவரும் சேர்ந்து ஊருக்குத் திரும்புவார்கள். கோடையில் ஒருநாள் செல்வி குடத்தை எடுத்துக்கொண்டு குழாய்க்குப் போயிருக்கிறாள். கால் மணி நேரம். அதற்குள் ஒரு வெளிநாட்டுத் தம்பதி, வெயிலில் தனியே, கழுத்தில் கயிற்றோடு படுத்திருந்த நாயைப் பார்த்து மனம் இளகி, பிஸ்கட் போட்டு, வாடகைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தண்ணீரோடு வந்த செல்வி, கூடையில் குரங்குகள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துத்தான் ஜிம்மி இல்லை என்பதைத் தெரிந்துகொண்டாளாம். காப்பகக் கோப்பின்படி, அந்தத் தம்பதி ஏதோ ஒரு பெரிய நகரத்தில் மீட்புக் குழு ஒன்றிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை, மாதக்கணக்கில் காத்திருப்பு எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் முத்திரை இருக்கிறது. இந்த நாய் யாருடையது என்று ஒரே ஒரு ஆளைக் கேட்டிருந்தால் போதும். அதற்கு மட்டும் படிவத்தில் இடமில்லை.

செவ்வாய்க்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு காப்பகத்துக்குப் போனேன். ஃபிராவ் ப்ராண்ட் கெட்ட மனுஷி இல்லை. காப்பி கொடுத்தார், முழுவதும் கேட்டார்.

“சொந்த நாய் என்றால் ஏன் தெருவில் தனியாக இருந்தது?”

“தனியாக இல்லை. வேலையில் இருந்தது.”

நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார். ஜெர்மனியில் தொலைந்துபோன நாய் ஒன்று காப்பகத்துக்கு வந்தால், அதன் உடையவருக்கு ஆறு மாதம் உரிமை உண்டு. இது சட்டம்; காப்பகத்தின் சுவரிலேயே சட்டம்போட்டு மாட்டியிருக்கிறது. அதைக் காட்டினேன். அது இங்கே தொலைந்த நாய்களுக்கு என்றார். அங்கே தொலைந்தவற்றுக்கு என்று கேட்டேன். அங்கே அவை தொலைவதில்லையே, அப்படியேதானே இருக்கின்றன என்றார் அவர், மிகத் தெளிவாக, குழந்தைக்குச் சொல்வது மாதிரி. நான் வாதாடியதில் ஒரு வாரம் அவகாசம் கிடைத்தது. சில்லு எண், கால்நடை மருத்துவரின் சீட்டு, உடையவரோடு எடுத்த படம், மூன்றில் ஒன்று வேண்டும்.

செல்வியிடம் முதல் இரண்டும் இல்லை. வசந்தா விடவில்லை. நாய் செல்வியுடையது என்று ஒரு சான்று வாங்கிவிடலாம் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் போயிருக்கிறாள். அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, “டீச்சர், மாட்டுக்கு கேட்டீங்கன்னா கூட யோசிப்பேன். நாய்க்கு பட்டா குடுத்தா என் வேலையே பூடும்” என்றாராம். கடைசியில் படம் ஒன்று கிடைத்தது. செல்வியின் மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா நடந்தபோது எடுத்த ஆல்பம். மாலையும் கழுத்துமாக மகள் நாற்காலியில் இருக்கிறாள், செல்வி பக்கத்தில் நிற்கிறாள், நாற்காலிக்கு அடியில் செம்மண் நிறத்தில் ஜிம்மி. வெள்ளை வால்நுனி தரையில் மடங்கிக் கிடக்கிறது. ஊரில் ஒரு வீட்டு விசேஷத்தில் மேடைவரை ஏறி நாற்காலிக்கு அடியில் படுக்க எந்த நாயை விடுவார்கள்? அதைவிட வேறென்ன பத்திரம் வேண்டும்? வால்நுனியை வட்டமிட்டு, ஒரு பக்க விளக்கத்தோடு, தமிழ்ச் சடங்கைப் பற்றி இரண்டு பத்தியும் சேர்த்து அனுப்பினேன்.

பதில் மூன்று வரியில் வந்தது. படத்துக்கு நன்றி. நாயின் கழுத்தில் பட்டையோ வாரோ காணப்படவில்லை. பொது நிகழ்ச்சி ஒன்றில் அது கட்டுப்பாடின்றித் திரிந்ததை இந்தப் படம் உறுதிசெய்கிறது.

நானே எடுத்து வளர்க்கிறேன், ஊருக்குப் போகும்போது கொண்டுபோய்விடுகிறேன் என்று மனுப்போட்டேன். மூன்றாவது மாடி, தோட்டமில்லை, நாள்முழுதும் வேலைக்குப் போகிறவர், எனவே தகுதியில்லை என்றார்கள். பன்னிரண்டாவது முயற்சியில் வந்த அந்தப் படத்தைப் பார்த்துப் பத்தொன்பது குடும்பங்கள் கடிதம் எழுதியிருந்தன. அவகாசம் முடிந்த வாரத்தின் சனிக்கிழமையே ஜிம்மி போய்விட்டது. அதன்பின் நான் காப்பகத்துக்குப் போகவில்லை. ஃபிராவ் ப்ராண்ட் தொலைபேசியில் வருத்தப்பட்டார். உங்கள் படங்கள் எத்தனை நாய்களுக்கு வீடு வாங்கிக் கொடுத்திருக்கின்றன, யோசித்துப் பாருங்கள் என்றார். யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நவம்பரில் காப்பகத்தின் வழியாக எனக்கு ஒரு கடிதம் வந்தது. ஜிம்மியைத் தத்தெடுத்த ஃபிராவ் ஃபோகல் எழுதியது. ஓய்வுபெற்ற நூலகர், கணவரோடு ஒரு கிராமத்தில் இருக்கிறார். உங்கள் படத்தைச் சட்டம்போட்டு வைத்திருக்கிறோம், எப்போது வேண்டுமானாலும் வந்து பாருங்கள் என்று தொலைபேசி எண்ணும் கொடுத்திருந்தார். பதிலில் நடந்தது அத்தனையையும் எழுதினேன், செல்வி திரும்பக் கேட்கிறாள் என்பதையும் சேர்த்து. அவர் மறுபடி எழுதினார். மனம் கரைந்துவிட்டதாம், அந்தப் பெண்மணிக்கு ஒருநாள் நேரில் வணக்கம் சொல்ல வேண்டுமாம். திரும்பக் கேட்ட வரியைப் பற்றி ஒன்றும் இல்லை. அந்த வரியை மட்டும் தபால்காரர் உருவிக்கொண்டாரோ என்னவோ.

பொங்கலுக்கு முந்தைய வாரம் செஞ்சிக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணி; ஜெர்மனியில் காலை பதினொன்றரை. வீடியோவில் பேச ஃபிராவ் ஃபோகலிடம் முன்னதாகவே நேரம் குறித்திருந்தேன். வசந்தா என்னைக் கோட்டை அடிவாரத்துக்கு அழைத்துப் போனாள். வேப்பமரத்தின் கீழே சாக்கு விரித்து ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். ஒரு கையால், நறுக்கிய பிஞ்சுக்கு மிளகாய்த்தூள் தடவிக்கொண்டிருந்தாள். இன்னொரு கை தடியை விடவில்லை. மதில்மேல் ஏழெட்டுக் குரங்குகள் வரிசையாக உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

“செல்வி, இவருதான் எங்க அண்ணன்” என்றாள் வசந்தா.

செல்வி எழுந்திருக்கவில்லை. என்னைச் செருப்பிலிருந்து மேலே வரை பார்த்தாள். “நீதான் போட்டோ புடிச்ச ஆளா சார்?”

“ஆமா.”

“நல்லாத்தான் புடிச்சிருக்க. கட்டிக் குடுக்கப் போற பொண்ணு மாரி ஜோடிச்சி புடிச்சிருக்க. உன் எதிர்லதான நின்னுச்சி அது?”

“ஆமா.”

“எவ்ளோ தூரத்துல?”

“மூணடி.”

“மூணடி.” தடியைத் தரையில் வைத்து அந்தத் தூரத்தை அளப்பதுபோல் பார்த்தாள். “ஒரு எட்டு வெச்சா தூக்கினு வந்திருக்கலாம். உனுக்கு அப்ப போட்டோ தான் முக்கியமாப் போச்சி.”

நான் சில்லைப் பற்றியும் சட்டத்தைப் பற்றியும் சொல்ல ஆரம்பித்தேன். என் தமிழ் எனக்கே மொழிபெயர்ப்பு மாதிரி கேட்டது. அவள் முடிக்க விடவில்லை. “இன்னா சார் பெரிய சிப்பு? நான் கூப்ட்டா வருது, நீ கூப்ட்டா வர்ல. இதுக்கு மேல இன்னா சிப்பு வேணும்?”

பக்கத்தில் இளநீர் விற்கும் ஏழுமலை அரிவாளை நிறுத்தாமல் குரல் கொடுத்தார். “வுடு செல்வி. நாம பாஸ்போர்ட்டுக்கே அலையறோம், ஜிம்மி பாரு, கம்முனு பிளேன் ஏறிப் பூடுச்சி. ஃபாரின்ல கறி துன்னுனு இருக்கும்.”

“நீ பேசாத. உன் கண்ணு எதிர்லதான வெள்ளக்காரங்க கார்ல ஏத்தினாங்க? வேடிக்க பாத்துனு இருந்தியே.”

“டாக்டரு கிட்ட காட்ட எடுத்துனு போறாங்கன்னு நெனச்சேன், செல்வி. பிஸ்கட்டெல்லாம் போட்டாங்க.”

“பிஸ்கட்டு போட்டா உம் பொண்ண ஏத்தி அனுப்புவியா?”

ஏழுமலை இளநீர்க் குவியல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அவமானமாக இருந்தது. அவளுக்கு முன்னால் நானும் ஏழுமலையும் ஒரே வரிசையில் நின்றோம். அவராவது விஷயம் தெரியாமல் வேடிக்கை பார்த்தார். நான் கோப்பில் ஊர்ப் பெயரை நான்கு முறை படித்துவிட்டு, கயிற்றையும் பார்த்துவிட்டு, காமிராவின் குவியத்தைச் சரிசெய்தேன்.

அழைத்தேன். இரண்டாவது மணியில் ஃபிராவ் ஃபோகல் எடுத்தார். வெள்ளை முடி, சிவப்புக் கம்பளிச் சட்டை, பின்னால் சன்னலில் பனி. கையசைத்தார். செல்வி கையசைக்கவில்லை. போனை என் கையிலிருந்து வாங்கிக்கொள்ளவும் இல்லை. என் மணிக்கட்டைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். திரையில் கம்பளத்தின்மேல் ஜிம்மி படுத்திருந்தது. சதைபோட்டு, ரோமம் பளபளவென்று இருந்தது. பொய் சொல்லக் கூடாது, நன்றாக இருந்தது.

“ஜிம்மி” என்றாள் செல்வி. உரக்கக்கூட இல்லை.

நாய் தலையைத் தூக்கியது. எழுந்து போனை மோந்து பார்த்தது; திரை முழுவதும் மூக்கு. “ஏய், எங்கடி போன? இன்னாடி இது, உண்டியலு மாரி குண்டாயிட்ட?” என்று அவள் பேசப் பேச அது போனுக்குப் பின்னால் போய்த் தேடியது, சோபாவுக்கு அடியில் தேடியது, பிறகு ஓடி வாசல் கதவுக்கு எதிரே நின்று முன்னங்காலால் பிராண்டியது. ஃபிராவ் ஃபோகலும் அவர் கணவரும் கைதட்டிச் சிரித்தார்கள். “பாருங்கள், குரலைக் கேட்டு எவ்வளவு சந்தோஷம்! தோட்டத்தில் விளையாடப் போக வேண்டுமாம்” என்றார் ஃபிராவ் ஃபோகல்.

செல்வி சிரிக்கவில்லை. அந்தக் கதவையே பார்த்தாள். பிறகு மளமளவென்று சொன்னாள்: இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுக்கும், இழுக்கக் கூடாது, மோர்ச்சோறு வைத்தால் சளி பிடிக்கும், இடது பின்னங்காலில் பழைய முள் காயம், குளிரில் நொண்டும், சூடாக ஒத்தடம் கொடுக்க வேண்டும். நான் ஒவ்வொன்றாக ஜெர்மனில் சொன்னேன். ஃபிராவ் ஃபோகல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளில் குறித்துக்கொண்டார். அந்தக் கால் ஏன் நொண்டுகிறது என்று இரண்டு மருத்துவர்களிடம் காட்டியும் தெரியவில்லையாம். எழுதி முடித்துவிட்டு அவர் கண் கலங்கிச் சொன்னார்: “சட்னிக்குத் தன் வீடு கிடைக்கும்வரை இவ்வளவு அன்பாகப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி என்று சொல்லுங்கள்.”

அதே நேரத்தில் செல்வி என் மணிக்கட்டை இழுத்தாள். “அது திரும்பி வர்ற வரைக்கும் இதெல்லாம் பாத்துக்கச் சொல்லு சார். எப்ப அனுப்புவாங்கன்னு கேளு.”

இருபது ஆண்டுகளாக நான் செய்துவரும் வேலை இதுதான். இந்தப் பக்கத்துக் கோபத்தை அந்தப் பக்கத்துக்கு மரியாதையாக மாற்றிக் கொடுப்பது. அந்தப் பக்கத்து அலட்சியத்தை இந்தப் பக்கத்துக்கு அக்கறையாக மாற்றிக் கொடுப்பது. தொழிற்சாலையில், விசா அலுவலகத்தில், மகளின் பள்ளியில், ஊருக்குப் பேசும் ஒவ்வொரு ஞாயிறும். இதைப் படிக்கிற உங்களில் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் இதில் கைதேர்ந்தவர்கள்தான். இரண்டு பேருக்கும் பிடித்த மாதிரி ஒரு வாக்கியம் என் நாக்கில் தயாராக இருந்தது. கொஞ்ச நாள் போகட்டும், பார்க்கலாம். ஜெர்மனிலும் அது நன்றாக வரும்.

நான் அதைச் சொல்லவில்லை. “எப்போது அனுப்புவீர்கள் என்று கேட்கிறாள்” என்றேன் ஜெர்மனில். வணக்கமோ தயவுசெய்தோ சேர்க்கவில்லை. பிறகு செல்வியிடம் திரும்பி, “வீடு கிடைக்கிற வரைக்கும் பாத்துக்கிட்டதுக்கு உனக்கு நன்றி சொல்றாங்க” என்றேன்.

ஃபிராவ் ஃபோகலின் சிரிப்பு முகத்திலிருந்து சிறிது சிறிதாக இறங்கியது. அவர் எழுந்து கதவருகே போய் ஜிம்மிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அதன் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டார். கணவர் போனை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். நாய் கதவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. செல்வி தடியைக் கீழே போட்டுவிட்டு, மிளகாய்த்தூள் ஒட்டிய கையைப் புடவையில் நன்றாகத் துடைத்து, திரையில் ஃபிராவ் ஃபோகலின் கை இருந்த இடத்தின்மேலேயே தன் உள்ளங்கையை வைத்தாள். மதிலிலிருந்து ஒரு குரங்கு இறங்கிக் கூடையை நெருங்கியது. ஏழுமலை கத்தினார். அவள் திரும்பவில்லை.

“நேரா புடி சார்” என்றாள். “ஆட்டாத. அது மூஞ்சி தெரில எனுக்கு.”